கீழ்க்கட்டளையில் ஒரு கட்டளை

நாடி பிடித்தே நோயைச் சொல்லும் வைத்தியர்கள் நம் ஊரில் உண்டு. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்குக்கும் நாடி பார்க்கலாம் என்றால் நம்புவீர்களா?

கீழ்க்கட்டளை பஸ் நிலையத்துக்கு அருகே குடியிருக்கும் என் நண்பர், கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவர். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த சமயம், அவருடைய டிஸ்கில் படங்கள் திறக்கத் தாமதமாயிற்று. "பழசாகிவிட்டது, வேறென்ன?" என்று அவர் சும்மா இருந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் வந்து, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினான். 'தேறியது' என்று விடை வந்தது. நண்பருக்கு மகிழ்ச்சி.

"பொறுங்க சார்" என்று இன்னொரு வரி தட்டினான். எண்கள் வரிசையாக இறங்கின. பையனின் முகம் மாறிற்று.

'ஸ்மார்ட்' என்பது டிஸ்க் தன்னைத் தானே கவனித்து எழுதி வைக்கும் நாட்குறிப்பு. 1990-களில் பிறந்த ஏற்பாடு. அதைப் படிக்கும் கட்டளைதான் 'ஸ்மார்ட்சிடிஎல்'. ஈர்ப்பு அலைகளைத் தேடும் பௌதிக விஞ்ஞானி புரூஸ் ஆலன் 2002-இல் தொடங்கிய இலவசத் தொகுப்பில் அது இருக்கிறது. கட்டளையுடன் பெரிய 'ஹெச்' சேர்த்தால் தேறியதா, தவறியதா என்று மட்டும் சொல்லும். சிறிய 'ஏ' சேர்த்தால் முழுக் குறிப்பும் வரும்.

அதில் 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்களின் கணக்கு. 197-ஆம் எண், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்களின் கணக்கு. இரண்டும் பூஜ்யமாக இருப்பதே க்ஷேமம். கம்பெனி வகுத்த எல்லையைத் தாண்டும் வரை 'தேறியது' என்றே விடை வரும். அதுதான் சூட்சுமம்!

சுயபரிசோதனையும் உண்டு. குறுகியது சுமார் 2 நிமிஷம்; நெடியது பல மணி நேரம்.

ஆனால் நாடி எப்போதும் பேசிவிடாது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்த கூகுள் நிபுணர்கள், 2007-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். பழுதானவற்றில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லையாம்! ஆகவே எண்கள் நன்றாக இருந்தாலும் பிரதி எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

நண்பர் அன்றிரவே மூன்று கல்யாணங்களின் படங்களையும் வேறு டிஸ்கில் ஏற்றினார். ஒன்பதாம் நாள் பழைய டிஸ்க் கண் விழிக்கவே இல்லை.

டிஸ்க் போனால் கடையில் வேறு வாங்கலாம். தாலி கட்டும் வேளையை எந்தக் கடையில் வாங்குவது?