சிரட்டைக் கரியும் தூய்விப்பாலைக் கழிவுநீரும்

ஒரு பொருளின் துகள்கள் மற்றொன்றின் உள்ளே புகுந்து பரவுதல் உட்கவர்ச்சி. உள்ளே புகாமல் மேற்பரப்பிலேயே செறிந்து தங்குதல் பரப்புக்கவர்ச்சி. பற்றுவது கவர்பொருள், பற்றப்படுவது கவர்படுபொருள். மெலிந்த ஈர்ப்பினால் மட்டும் பற்றின் இயற்பரப்புக்கவர்ச்சி என்றும், வேதிப்பிணைப்பே தோன்றின் வேதிப்பரப்புக்கவர்ச்சி என்றும் பெயர் பெறும். துகள்கள் ஒற்றையடுக்காகப் பரப்பை நிரப்பும் நெறியை 1918இல் சமன்பாடாக வகுத்தளித்த இர்விங் லாங்மூர், பரப்பு வேதியியல் ஆய்வுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றார்.

எண்ணெய்த் தூய்விப்பாலை இருப்பது தமிழ்நாட்டின் வடகோடி மணலியில். ஆயினும், அதன் கழிவுநீரில் கரைந்த மாழைகளை (உலோகங்களை)ப் பற்றுதற்கு உரிய கவர்பொருள் குற்றாலத்தையும் தென்காசியையும் சூழ்ந்த தென்னந்தோப்புகளில் கிடக்கிறது. சிரட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால், கரியின் ஒரு பகுதி வளியாகி வெளியேற, எஞ்சியதில் எண்ணிறந்த நுண்துளைகள் திறக்கின்றன. இக்கிளர்வூட்டிய கரியின் ஒரு கிராமில் அடங்கும் உட்பரப்பு கால் ஏக்கர் அளவினது. மரக்கரியினும் வன்மையுடையதாதலின், நீரோட்டத்தில் எளிதில் பொடியாவதுமில்லை.

கவரப்படவேண்டிய மாழைகளின் பிறப்பிடங்களுள் ஒன்று வினையூக்கி. எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கும் வினையூக்கியில், அலுமினாவின்மேல் மாலிப்டினமும் துணையாகக் கோபால்ட்டோ நிக்கலோ ஏற்றப்பட்டிருக்கும். வனேடியம் நாம் இட்டதன்று. பண்படா எண்ணெயோடு வந்து படிந்து, முதலில் வினையூக்கியைக் கெடுத்து, பின்னர் நீரையும் கெடுப்பது. தூய்விப்பாலைக் கழிவுநீருக்கு நடுவண் அரசு 2008இல் விதித்த வரம்பு லிட்டருக்கு நிக்கல் 1 மில்லிகிராம், வனேடியம் 0.2 மில்லிகிராம்.

இவ்விரண்டையும் ஒரே கரிப்படுகை ஒருங்கே நன்கு கவரும் என எதிர்பார்த்தல் ஆகாது. ஒவ்வொரு கரிக்கும் அதன் பரப்பு மின்னேற்றமின்றி நிற்கும் காடிச்சுட்டெண் (pH) ஒன்றுண்டு. நீரின் சுட்டெண் அதற்குக் கீழிறங்கினால் பரப்பு நேர்மின்னேற்றமும், மேலேறினால் எதிர்மின்னேற்றமும் கொள்ளும். நீரில் கரைந்த நிக்கல் நேர்மின்னேற்றமுடையது. வனேடியமும் மாலிப்டினமும் உயிர்வளியோடு கூடிப் பெரும்பாலும் எதிர்மின்னேற்றத்துடன் உலவுபவை. ஆகவே மென்காடி நீரில் வனேடியம் பற்றப்படும், நிக்கல் விலக்கப்படும். நடுநிலையை நெருங்கும் நீரில் நிக்கல் பற்றப்படும், வனேடியம் நழுவும். சுட்டெண்ணை இன்னும் உயர்த்தினால் நிக்கல் தானே வீழ்படிவாகும். அதை வடிகட்டிவிட்டுக் கரியின் திறத்தைப் புகழ்வது அளவியலுக்கு ஒவ்வாது.

ஆதலின் படுகைகள் இரண்டு வேண்டும். காடித்தன்மையை இடையில் திருத்தவும் வேண்டும். அவற்றிற்கு முன்னரே எண்ணெய்ப்பசை நீங்கியிருத்தல் வேண்டும். இல்லையேல் அது நுண்துளை வாய்களை அடைத்துவிடும். பரப்பு நிறைந்தபின் கரியைக் குப்பையில் கொட்டினால் நஞ்சு இடம் மாறியதேயன்றி நீங்கியதாகாது. நீர்த்த காடியால் கழுவினால் நிக்கலின் பெரும்பகுதி கரைந்து மீளும். அக்கரைசலிலிருந்து மாழையைப் பிரித்தெடுக்கலாம், கரியையும் மறுமுறை படுகையில் இடலாம்.