அலுவலகத் தரையில் அமையும் மின்குதைகள்

சுவரோரத்தில் மேசையிட்டு எழுதிய காலத்தில் அலுவலகத்துக்கு வேண்டிய மின்சாரம் சுவரிலிருந்தே கிடைத்தது. இன்று விசாலமான கூடங்களின் நடுவே மேசைகள் வரிசையாக இடப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் மின்வலுவும் கணினி வலைத் தொடர்பும் வேண்டப்படுகின்றன. சுவரிலிருந்து இழுக்கப்படும் நீட்சிக் கம்பிகள் நடப்போர் காலை இடறுகின்றன. நாற்காலிச் சில்லுகளின் கீழ் நசிந்து காவலுறை கிழிகின்றன. இவ்விடர்களைத் தவிர்க்கவே, தரையினுள் பெட்டியைப் புதைத்து, செருகிகளை ஏற்கும் குதைகளை அதனுள் அமைக்கும் முறை தோன்றியது. இம்முறை எங்கே பொருந்தும் என்பதைப் பெட்டியின் விலையிலும் பார்க்கத் தரையின் இயல்பே தீர்மானிக்கின்றது. கண்டி மாநகரையும் அதன் சூழலையும் நோக்குமிடத்து இவ்வுண்மை நன்கு புலனாகும்.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், குன்றுகளுக்கிடையே அமைந்த நகரம். இங்குள்ள கட்டிடங்கள் பல மலைச்சரிவை வெட்டி எழுப்பப்பட்டவை. அத்தகைய கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் முன்புறம் வீதிமட்டத்தில் இருக்க, பின்புறச் சுவர் மண்ணோடு ஒட்டிநிற்கும். மழைக்காலத்தில் அம்மண்ணின் ஈரம் தரைக்கும் பரவும். இதனோடு, தரையை நீரூற்றிக் கழுவுவதும் ஈரத்துணியால் துடைப்பதும் நம் நாட்டு வழக்கம். கம்பளம் விரித்து, உலர் இயந்திரத்தால் தூசி உறிஞ்சும் நாடுகளுக்கென ஆக்கப்பட்ட பெட்டியை இங்கே பதித்தால், நாள்தோறும் சிறிது நீர் அதனுட் புகும். பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் வெள்ளங் காணும் அக்குறணை போன்ற இடங்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் கண்டி மாவட்டம் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் இலக்காகியது. வெள்ளம் ஒரு கட்டிடத்துட் புகும்போது முதலில் மூழ்குவது தரைக்குதையே. ஆதலின் வெள்ள அபாயமுள்ள கீழ்த்தளங்களில் இவற்றை அமைக்காது விடுதலே தக்கது.

நீர் புகாமையைக் குறிக்க ஐ.பி. என்னும் ஈரிலக்கக் குறியீடு வழங்குகின்றது. முதலிலக்கம் தூசி முதலிய திண்பொருள்களையும், இரண்டாவது நீரையும் தடுக்கும் ஆற்றலைக் காட்டும். ஐ.பி. 44 தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐ.பி. 67 ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். வாங்குவோர் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு: பெரும்பாலான பெட்டிகளில் இவ்வெண் மூடி முற்றாக மூடியிருக்கும் நிலைக்கே உரியது. செருகியைச் செருகிக் கம்பியை வெளியே விட்டதும் அப்பாதுகாப்புக் குறைந்துவிடும். வேலை நடக்கும் நேரத்திற்குரிய எண் யாது என்று விற்பவரைக் கேட்பதே விவேகம்.

அடுத்து நோக்கவேண்டியது ஆழம். பெட்டிகள் பெரும்பாலும் 60 முதல் 110 மில்லிமீற்றர் வரை ஆழமுடையவை. கொங்கிறீற் தளத்தின்மேல் இடப்படும் சீமெந்துப் பூச்சோ பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் அளவினது. ஆகவே தளம் வார்க்கும் முன்னரே பெட்டியும் குழாயும் இடம்பெறல் வேண்டும். பின்னர் வெட்டிப் பதிக்க முயன்றால் தளத்தின் உருக்குக் கம்பிகள் ஊறுபடலாம். நகரின் பழைய கட்டிடங்களில் காணப்படும் மரத்தளங்களிற் பெட்டியைப் பலகைக்குக் கீழே தொங்கவிடலாமெனினும், தாங்கும் விட்டங்களை ஒருபோதும் வெட்டலாகாது. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த நகரில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

மின்பகுதியைப் பொறுத்தவரை, வட்ட முளையுடைய 5, 15 அம்பியர் குதைகளும் சதுர முளையுடைய 13 அம்பியர் குதைகளும் நெடுங்காலம் கலந்து வழங்கியமையால், இடைப்பொருத்திகளை நாடுவது நமக்குப் பழகிப்போன தீங்கு. பெட்டியின் ஒடுங்கிய உள்ளிடத்தில் இடைப்பொருத்திக்கு இடமே இல்லை, மூடி மூடாது. எனவே 13 அம்பியர்க் குதையொன்றையே தெரிந்துகொள்ளல் நன்று. உலோகப் பெட்டிக்குப் புவித்தொடுப்பு இன்றியமையாதது. 230 வோல்ற்று மின்சாரம் ஈரத்தரையில் நிற்பவனின் உடலூடே பாயின் உயிர்போகும். ஆதலின் 30 மில்லியம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு ஆளி, பொதுவாக 'டிரிப் சுவிச்' எனப்படுவது, இச்சுற்றுக்கு வேண்டும். தரைக்குதைகளின் சுற்று ஏனையவற்றிலிருந்து வேறாக இருப்பின், நீர் புகும் வேளையில் விளக்குகளை அணைக்காமலே அதனை மட்டும் நிறுத்தலாம்.

தரவு வடம் இதே பெட்டிக்கு வந்தாலும், மின்வடத்தோடு ஒரே அறையில் இருத்தலாகாது. காவலுறை பழுதுற்றால் தரவுக் கம்பியில் 230 வோல்ற்று ஏறும். பழுதுறாவிடினும் மின்வடத்தின் இரைச்சல் செய்தியைக் குழப்பும். உலோகத் தடுப்புள்ள பெட்டி இரண்டையும் தவிர்க்கும். வலையின் மையப்பலகையிலிருந்து குதைவரை நிலையாகப் பதிக்கும் செப்பு வடம் 90 மீற்றருக்கு மேற்படலாகாது. கட்டிடத்துக்குக் கட்டிடம் செல்லும் தொடர்புக்கு ஒளியிழையே உகந்தது. இடைப்பருவக் காலப் பிற்பகல்களின் இடிமின்னலைக் கண்டோர் இதற்குக் காரணங் கேளார்.

குழாயின் பருமனில் சிக்கனம் பார்ப்பது பெருந்தவறு. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்த காலத்தில் மேசைதோறும் தரவுக் குதை வேண்டுமென்று எவர் எண்ணியிருப்பர்? அக்கட்டிடங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றினுள் நிகழும் பணியின் கருவிகளோ பலமுறை மாறிவிட்டன. கொங்கிறீற்றின் ஆயுள் நீண்டது, வடத்தின் ஆயுள் குறுகியது. குழாயில் பாதியிடம் வெறுமையாக இருந்தால் புதிய வடத்தை உடைப்பின்றி இழுக்கலாம்.

பெட்டி நடைவழியில் வராது மேசையின் கீழே, கால் படாத ஒதுக்கில் அமைதல் வேண்டும். எனினும் மேசையைச் சுவருக்கோ தூணுக்கோ அருகே நகர்த்த முடியுமாயின், கண்டிப் பகுதியின் சிறிய அலுவலகங்கள் பலவற்றுக்குத் தரைப்பெட்டியே தேவைப்படாது. அங்ஙனம் நகர்த்தவியலாத மேல்மாடிக் கூடத்துக்கே அது உரியது. அங்குங்கூட, தளம் வார்க்குமுன் குழாய்கள் செல்லும் வழியை அளந்து வரைபடத்திற் குறித்து, ஒளிப்படமும் எடுத்துக் கட்டிட ஆவணங்களோடு வைத்தல் வேண்டும். பல்லாண்டு கழித்துத் தடுப்புச்சுவர் எழுப்பத் தரையில் துளையிட வரும் தொழிலாளி, எங்கே துளையிடலாகாது என்பதை அவற்றிலிருந்தே அறிவான்.