ஓட்டப் பந்தயமும் இரசிகர் வழக்கும்

உலகப் பெரும் மெய்வல்லுநர் விழாக்களில் நடைபெறும் ஓட்டப் பந்தயங்கள் சில செக்கன்களில் முடிந்துவிடுகின்றன. அவற்றைப் பற்றிய வழக்கோ பல நாள், சில வேளைகளில் பல ஆண்டு, நீடிக்கின்றது. முதலாவதாக வந்தவர் யார், அவர் முறைப்படி வந்தாரா, அடுத்து வந்தவருக்கு அநீதி நேர்ந்ததா என்னும் வாதம் கொழும்பிலும் நடக்கும்; யாழ்ப்பாணத்திலும் நடக்கும்; திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டையிலும் நடக்கும். வலை உலர்த்தும் கரையிலும் தேநீர்க்கடை வாங்கிலும் அமர்ந்து, கண்ணால் கண்டதையே சான்றாகக் காட்டி, நடுவரையும் விஞ்சிய உறுதியோடு தீர்ப்புக் கூறுவோர் எவ்வூரிலும் உளர். இது குறை கூறத்தக்க பழக்கமன்று. விளையாட்டிலே பற்றுள்ளவர்களுக்குத்தான் அதன் நீதியிலும் பற்றுண்டாகும். ஆயினும், வழக்காடுவதற்கும் ஒரு முறையுண்டு. அம்முறை இன்னதென நேயர்கள் அறிந்துகொள்வது பயன் தரும்.

புல்மோட்டைக் கடற்கரையின் மணல் கரியது. அள்ளிப் பார்ப்பவர்க்கு அது ஒரே மணலாகவே தோன்றும். ஆனால் அதனுள் இல்மனைற்று, ரூற்றைல், சிர்க்கன் எனப் பல கனியங்கள் கலந்திருக்கின்றன. அங்குள்ள ஆலையிலே இல்மனைற்றைக் காந்தத்தின் துணைகொண்டு பிரிப்பர். மின்னைக் கடத்தும் ரூற்றைலையும் கடத்தாத சிர்க்கனையும் பிரிப்பதற்கு வேறொரு முறை வேண்டும். ஒரு முறையால் எல்லாவற்றையும் பிரித்தெடுத்தல் இயலாது. விளையாட்டுப் பற்றிய வழக்குகளும் இத்தகையனவே. பலவகைக் கேள்விகள் ஒன்றாய்க் கலந்து கிடப்பதனால் வாதம் முடிவுறாமல் நீள்கின்றது. அவற்றை வெவ்வேறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய சான்றினால் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது கேள்வி, கோட்டை முந்திக் கடந்தவர் யார் என்பது. 2024ஆம் ஆண்டு பரிஸ் ஒலிம்பிக் விழாவின் ஆடவர் நூறு மீற்றர் இறுதி ஓட்டத்தில் அமெரிக்கரான நோவா லைல்ஸும் யமேக்கரான கிஷேன் தொம்சனும் 9.79 செக்கன் என்னும் ஒரே நேரத்தைப் பெற்றனர். தங்கம் லைல்ஸுக்கு அளிக்கப்பட்டது. தொம்சனுடைய பாதம் முந்திக் கோட்டைத் தாண்டியதைப் படத்திலே கண்ட பலர், ஈதென்ன நீதி என வினவினர். விதியோ பாதத்தைக் கணக்கிலெடுப்பதில்லை. தலையையும் கையையும்கூடக் கணக்கிலெடுப்பதில்லை. ஓடுபவரின் உடற்பகுதி, அதாவது நெஞ்சும் அதனைச் சார்ந்த நடுவுடலும், கோட்டைத் தொடும் கணமே கணிக்கப்படும். அவ்வாறு கணித்தபோது லைல்ஸ் 9.784 செக்கனிலும் தொம்சன் 9.789 செக்கனிலும் வந்தமை தெரிந்தது. ‘தம்பி, நீ பார்த்தது கால், நடுவர் பார்த்தது நெஞ்சு’ என்று ஒரு பெரியவர் சொன்னாலே போதும், அவ்வழக்கு அத்துடன் தீர்ந்துவிடும்.

இந்த நுட்பத்தைக் காட்டும் படக்கருவி தொலைக்காட்சிக் கருவியைப் போன்றதன்று. அது முடிவுக் கோட்டின் மேலுள்ள மிகக் குறுகிய கீற்றை மட்டுமே நோக்கும். அக்கீற்றில் நிகழ்வதை ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான முறை பதிந்து, அப்பதிவுகளை அடுத்தடுத்து ஒட்டி ஒரே படமாக்கும். எனவே அப்படத்தில் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே தோன்றும் வெளி உண்மையில் தூரமன்று, காலமேயாகும். சாய்ந்த கோணத்திலிருந்து எடுக்கப்பட்ட தொலைக்காட்சிப் படத்தைக்கொண்டு இதனை மறுத்தல் பொருந்தாது.

இச்சிறு கால இடைவெளிகள் ஒரு நாட்டின் நினைவிலே நெடுநாள் தங்குவனவாம். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த பெண்கள் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் இந்தியாவின் பி. ரி. உஷா 55.42 செக்கனில் ஓடி முடித்தார். உருமேனிய வீராங்கனை 55.41 செக்கனில் வந்து வெண்கலத்தைப் பெற்றார். செக்கனில் நூற்றிலொரு பங்கு உஷாவை நான்காமிடத்தில் நிறுத்திவிட்டது. இந்திய இரசிகர் அதற்காக வருந்தினர், இன்றும் வருந்துகின்றனர். அவ்வருத்தம் நியாயமானது. ஆனால் அங்கே அநீதி எதுவும் நிகழவில்லை. வருத்தத்திற்கும் அநீதிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தலே இரசிகர் பயிலவேண்டிய முதற்பாடம்.

இரண்டாவது கேள்வி, விதிகள் காக்கப்பட்டனவா என்பது. 2010ஆம் ஆண்டு முதல், துப்பாக்கி ஒலிக்குமுன் ஒரு முறை புறப்பட்டாலும் ஓடுபவர் நீக்கப்படுவார் என்ற விதி நடைமுறையிலுள்ளது. அடுத்த ஆண்டிலேயே, தென்கொரியாவின் டேகு நகரில் நடந்த உலகப் போட்டியில், உசேன் போல்ற் நூறு மீற்றர் இறுதி ஓட்டத்திலிருந்து இவ்விதியால் நீக்கப்பட்டார். அவர் முந்தியதை யாவரும் கண்டனர், ஆதலால் வழக்கெழவில்லை. 2022இல் அமெரிக்காவின் யூஜீன் நகரில் நடந்த உலகப் போட்டியில் நிகழ்ந்ததோ வேறு வகையானது. 110 மீற்றர் சட்டவேலி இறுதி ஓட்டத்தில் டெவன் அலன் என்னும் அமெரிக்கர் ஒலி கேட்டபின் 0.099 செக்கனில் அசைந்தார் எனக் கருவி காட்டியது. ஒலி செவியிற் பட்டு, மூளைக்கெட்டி, தசை அசைவதற்குக் குறைந்தது 0.100 செக்கன் வேண்டுமெனக் கொண்டு அமைக்கப்பட்டது விதி. ஆயிரத்திலொரு பங்கு செக்கனால் அவர் வெளியேற்றப்பட்டார். எந்தக் கண்ணும் அதனைக் கண்டிருக்க முடியாது.

இங்கே இரு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. உள்ள விதி செவ்வையாகச் செயற்படுத்தப்பட்டதா என்பது ஒன்று. அவ்விதி நல்ல விதிதானா என்பது மற்றொன்று. முதலாவது வினாவுக்கு அன்றே மைதானத்தில் நடுவர் விடை கூறவேண்டும். இரண்டாவதனை உலக மெய்வல்லுநர் சம்மேளனம் ஆற அமர ஆராய்தல் வேண்டும். 0.100 என்னும் எல்லை தகுந்ததா என அறிஞரும் வினவியுள்ளனர். அவ்வெல்லையை அடுத்த போட்டிக்கு முன் மாற்றலாம்; நடந்து முடிந்த ஓட்டத்திற்காக மாற்றுதல் கூடாது. விதி பிழையானது எனக் கருதுபவர், நடுவர் வஞ்சித்தார் என்று கூறுவது இரண்டையும் குழப்புவதாகும்.

காற்றைப் பற்றிய விதியும் அடிக்கடி மயக்கம் தருவது. முதுகுப்புறமாக வீசும் காற்று ஓடுபவரை உந்துமென்பதைக் கடற்கரை மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அதன் வேகம் செக்கனுக்கு 2.0 மீற்றரைத் தாண்டினால், குறுந்தூர ஓட்டத்திற் பெற்ற நேரம் சாதனையாகப் பதியப்படாது; பதக்கமோ செல்லுபடியாகும். யூஜீன் போட்டியில் நைஜீரியாவின் தோபி அமுசான் அரையிறுதியில் 12.12 செக்கனில் ஓடி உலக சாதனை நாட்டினார். இறுதியில் அதனினும் விரைந்து 12.06 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். அப்போது காற்றின் வேகம் 2.5 மீற்றர். ஆகவே குறைந்த நேரம் ஏட்டில் ஏறவில்லை; கூடிய நேரமே ஏறியது. அதே ஆண்டு ஜூலையில் இலங்கையின் யுபுன் அபேகோன் சுவிற்சர்லாந்தில் நூறு மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியர் ஆனார். அந்நேரம் ஏட்டில் நிலைத்தமைக்குக் காற்று வரம்புக்குள் இருந்தமையும் காரணமாகும்.

மூன்றாவது கேள்வி, வென்றவர் எவ்வழியால் வென்றார் என்பது. இதற்கு விடை அன்றே கிடைப்பதில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் விழாவின் பெண்கள் 200 மீற்றர் ஓட்டத்தை இலங்கையர் மறக்கமாட்டார். அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கனில் முதலாவதாக வந்தார். பஹாமாஸ் நாட்டின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27 செக்கனிலும், கேகாலை மாவட்டத்தின் எளிய குடும்பமொன்றிற் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனிலும் வந்தனர். 1948இல் இலண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் வெள்ளி பெற்றபின், ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அந்த வெண்கலமேயாகும்.

மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து உட்கொண்டார் என்னும் ஐயம் சில ஆண்டுகளாக உலவியது. பல சோதனைகளிலும் தாம் தேறியமையை அவர் சான்றாகக் காட்டினார். அவர் உபயோகித்த மருந்தோ அக்காலச் சோதனையில் அகப்படாதவாறு தயாரிக்கப்பட்டது. இறுதியில் உண்மையை வெளிக்கொணர்ந்தது அமெரிக்க அரசின் குற்றப் புலனாய்வு. 2007 ஒக்ரோபரில் நீதிமன்றத்தில் அவர் தம் பொய்யை ஒப்புக்கொண்டார், பதக்கங்களும் பறிக்கப்பட்டன. 2009 டிசம்பரில் ஒலிம்பிக் குழு 200 மீற்றர் தங்கத்தைப் பஹாமாஸ் வீராங்கனைக்கும் வெள்ளியைச் சுசந்திகாவுக்கும் உரித்தாக்கியது. ஒன்பது ஆண்டுகளின்பின் வந்த நீதி அது. அவ்விருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு உஷாவைத் தடுத்த அதே நூற்றிலொரு பங்கு செக்கன் என்பதையும் நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அது மாறியிருப்பின் இலங்கைக்குத் தங்கமே வந்திருக்கும்.

ஆனால் அதே சிட்னி விழாவின் 100 மீற்றர் தங்கம் எவருக்கும் அளிக்கப்படவில்லை. இரண்டாவதாக வந்த கிரேக்க வீராங்கனை எகத்தரினி தானூ 2004இல் ஊக்கமருந்துச் சோதனைக்கு வராத விவகாரத்தில் அகப்பட்டவர். எனவே முதலிடத்தை வெறிதாக விட்டார்கள். ஒருவரை நீக்கினால் அடுத்தவர் தாமாகவே உயர்வார் என்பது விதியன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆராய்ந்தே தீர்ப்பளிக்கப்படும். இன்று வீரர்களின் மாதிரிகளைப் பத்து ஆண்டுகள்வரை காத்துவைத்து, புதிய முறைகளால் மீண்டும் ஆராய்கின்றனர். ஆகவே மைதானத்தில் அறிவிக்கப்படும் முடிவு ஒருவகையிலே இடைக்கால முடிவுதான்.

இவ்விடத்திலே இரசிகருடைய நேர்மையும் சோதிக்கப்படுகின்றது. 2019 ஏப்ரலில் டோஹாவில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வறுமையை வென்ற அப்பெண்ணைத் தமிழுலகம் கொண்டாடியது. பின்னர் அவர் மாதிரியிலே தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டது. தாம் அத்தகைய மருந்து உட்கொண்டதில்லை என அவர் மறுத்தார். ஆயினும் 2020இல் அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, தங்கமும் போயிற்று. சுசந்திகாவுக்கு நீதி கிடைத்ததென மகிழ்ந்தவர், நம்மவர் ஒருவர்மீது தீர்ப்பு வரும்போது அது சதியென உடனே கூவுதல் முறையாகாது. சுசந்திகாவின் மீதே 1998இல் மருந்துக் குற்றச்சாட்டு எழுந்து, பின்னர் அது நீங்கியதென்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. குற்றஞ்சாட்டப்பட்டோர் எல்லோரும் குற்றவாளிகளல்லர். நமக்கு இனியவர் எல்லோரும் குற்றமற்றவர்களுமல்லர்.

இம்மூன்று கேள்விகளுக்குள்ளும் அடங்காத வழக்கொன்றுண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டு விழாவின் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையொன்றின்பின் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் எதையும் உட்கொள்ளவில்லை, எவரையும் ஏமாற்றவுமில்லை. பிறவியில் அமைந்த உடலோடு ஓடினார். அச்சோதனைச் செய்தி உலகெங்கும் பரவி, முன்பின் அறியாதோரெல்லாம் ஓர் இளம்பெண்ணின் உடலைப் பற்றி வாதிட்டனர். தமிழ்நாட்டரசு தான் அறிவித்த 15 இலட்சம் ரூபாய்ப் பரிசை அவருக்கு வழங்கியது. பின்னாளில் அவர் பயிற்றுநராகி இளையோரை உருவாக்கினார்.

பெண்கள் பிரிவில் ஓடத் தகுதியுடையோர் யார் என்பது எளிதில் தீராத சிக்கல். ஒடிசாவின் தூத்தி சந்த் முறையிட்டதன்மேல், 2015இல் விளையாட்டு நடுத்தீர்ப்பு மன்றம் அன்றைய விதியை நிறுத்திவைத்தது. பின்னர் வேறு விதிகள் வந்தன. 2025 செப்ரெம்பர் முதல் உலகப் பெண்கள் போட்டிகளில் கலந்துகொள்வோருக்கு மரபணுச் சோதனை ஒன்று கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இவ்விதிகளை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தத்தம் காரணங்களைக் கூறலாம். ஆனால் ஊக்கமருந்து ஒரு செயல். பிறவி உடலமைப்பு செயலன்று. இரண்டையும் ‘மோசடி’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுவோர், குற்றமில்லாத ஒருவர்மீது குற்றம் சுமத்துகின்றனர். பதக்கத்தை ஒரு குழு திருப்பிக் கொடுத்துவிடலாம். தெருவிலே போன மானத்தைத் திருப்பிக் கொடுக்க எந்தக் குழுவாலும் இயலாது.

இவற்றையெல்லாம் கேட்டு, விளையாட்டே ஐயத்திற்கிடமானதென்று மனஞ்சோர்தல் வேண்டியதில்லை. 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி, அவ்விழாக்களில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைத் தேடித் தந்தார். அத்தகைய வெற்றிகள் தரும் மகிழ்ச்சி, முடிவுகள் நேர்மையானவை என்னும் நம்பிக்கையின்மீதே நிற்கின்றது. அந்நம்பிக்கையைக் காப்பது நடுவரின் கடமை மட்டுமன்று, காண்போரின் கடமையுமாகும்.

ஆகவே, அடுத்த பெரும் போட்டி வரும்போது நேயர்கள் தாராளமாக வாதிடட்டும். வாதிடுமுன், வழக்கு கோட்டைப் பற்றியதா, விதியைப் பற்றியதா, வழியைப் பற்றியதா எனத் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். கோட்டைப் பற்றியதாயின் படத்தைப் பார்க்கவேண்டும். விதியைப் பற்றியதாயின் விதியைப் படிக்கவேண்டும். வழியைப் பற்றியதாயின் விசாரணை முடியும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். ஒருவருடைய உடலைப் பற்றியதாயின் நாவடக்கமே நன்று. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில், முடிவு அறிவிக்கப்படுமுன் கூச்சலிடும் மாணவருக்கும் இதனையே கற்பிக்கலாம். அங்கே பழகியவர் உலக அரங்கைப் பார்க்கும்போதும் நிதானமாய்ப் பார்ப்பர்.