தொழிற்பேட்டைக்கு நடுவே ஒரு தொலைதூர வானொலி நிலையம்

நூறு வாட் மின்திறனும் ஒரு செம்புக் கம்பியும் இருந்தால், செல்போன் கோபுரமோ இணையமோ செயற்கைக்கோளோ இல்லாமல் பிரேசிலோடும் ஜப்பானோடும் பேசலாம். ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் இதை ‘டி.எக்ஸ்.’ என்பார்கள். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக்குறியும் பெற்றவர்கள்தான் பேச முடியும். 12 வயது நிறைந்தாலே தேர்வு எழுதலாம். ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று கொல்லப்பட்ட ராஜீவ் காந்தியும் உரிமம் பெற்ற ஹாம்தான். அவருடைய அழைப்புக்குறி வி.யூ.2.ஆர்.ஜி.

இவர்கள் பேசும் சிற்றலை கண்டம் தாண்டக் காரணம் அயனி மண்டலம். தரைக்கு மேலே சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் புற ஊதாக் கதிர்கள் காற்றணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அலை அங்கே வளைந்து தரைக்கு இறங்கி, மீண்டும் மேலேறி, தாவித் தாவிப் போகிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததும் அதனால்தான். அதற்குச் சற்று வடக்கே, 13 டிகிரி அட்சரேகையை ஒட்டியிருக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைப் பகுதிக்கு மேலே அயனி மண்டலம் அடர்த்தியானது. சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் 28 மெகாஹெர்ட்ஸில்கூடப் பகலெல்லாம் வெளிநாட்டுக் குரல்கள் கேட்கும். பொழுது சாய்ந்தபின் அந்த அடுக்கில் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பும்போது குரல் படபடத்து நடுங்கும். வடநாட்டு ஹாம்கள் அவ்வளவாக அறியாத தொல்லை இது.

புதியவர்கள் ஆன்டெனாவை அமெரிக்காவுக்குத் திருப்பும்போது தடுமாறுவார்கள். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தை நம்பக் கூடாது. இங்கிருந்து நியூயார்க்குக்குக் குறுகிய வழி ஏறத்தாழ வட வடமேற்கு; லாஸ் ஏஞ்சலிஸுக்கு வட வடகிழக்கு. இரண்டு வழிகளும் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கின்றன. ஆகவே சூரியப் புயல் துருவ வானத்தைக் கலக்கும் நாளில், ஆஸ்திரேலியா தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அமெரிக்கா காணாமல் போய்விடும்.

ஆனாலும் இந்தப் பகுதியில் ஒரு நிலையத்தின் தரத்தைத் தீர்மானிப்பது இரைச்சல்தான். மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள், வெல்டிங் பட்டறைகள், உயரழுத்த மின்கம்பிகளில் தூசு படிந்த இன்சுலேட்டர்கள் எல்லாம் சிற்றலையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் நம் குரல் தூரம் போகும்; எதிராளியின் மெல்லிய குரல் நம் காதில் விழாது. முதலில் செலவழிக்க வேண்டியது கேட்கும் திறனுக்கே.

இரைச்சலைத் தேடுவதற்கு எளிய முறை உண்டு. ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். ரேடியோவின் மீட்டர் முள் சட்டென்று இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் சிக்கிவிடும். அதன் வயரை ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றினால் பெரும்பாலும் அடங்கும். முள் அசையாவிட்டால், கையடக்க ரேடியோவோடு தெருவில் நடந்து மின்கம்பங்களைச் சோதிக்க வேண்டும். ஆயுத பூஜை விடுமுறையில் இயந்திரங்கள் நிற்கும்போது கேட்டால், ஆலையின் இரைச்சல் எது, வானத்தின் இரைச்சல் எது என்பது பிரிந்துவிடும்.

14 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் ஆன்டெனா சுமார் 10 மீட்டர் நீளம். மொட்டை மாடியில் அடங்கிவிடும். நிலத்தில் இடம் உள்ளவர்கள் செங்குத்து ஆன்டெனா நட்டு, அதன் அடியிலிருந்து நாலாபுறமும் கம்பிகளைப் பரப்பலாம். ஏரிப் பாசனத்தின் ஈர மண் அதற்கு உதவும்.

மழை இரண்டு வகையில் சோதிக்கும். கோஆக்சியல் கேபிளின் இணைப்பில் நீர் புகுந்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். இணைப்பை நீர்புகா டேப்பால் இறுக்கிச் சுற்றி, கேபிளை வீட்டுக்குள் நுழையுமுன் சற்றுத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். அடுத்தது மின்னல். கோடை இடியும் ஐப்பசி இடியும் 7 மெகாஹெர்ட்ஸையும் அதற்குக் கீழேயும் இரவு முழுக்கப் பொரியவைக்கும். தூரத்து இடி ரேடியோவில் வெடிக்கத் தொடங்கியதுமே, காதில் விழும்வரை காத்திராமல் ஆன்டெனா கேபிளைக் கழற்றி, சுவருக்கு வெளியே எர்த்தோடு இணைத்துவிட வேண்டும்.