முடக்க அறிக்கைக் கருவி: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?



"டீச்சர், ஃபயர்ஃபாக்ஸ் தானாவே மூடிக்கிச்சு!" கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கணினி வகுப்பு எடுப்பவர்களுக்கு இது பழகிய குரல். அப்போது ஒரு சிறு பெட்டி வந்து, நடந்ததை மொசில்லாவுக்குத் தெரிவிக்கலாமா என்று கேட்கும். நாமோ படிக்காமலேயே மூடிடுவோம்.

அதுதான் முடக்க அறிக்கைக் கருவி. மென்பொருள் முடங்கிய கணத்தில் எந்தக் கட்டளை ஓடியது, நினைவகத்தில் என்ன இருந்தது, இயங்குதளம் எது என்பதை அது பதிவுசெய்து அனுப்பும். ஒரே இடத்தில் முடங்கிய அறிக்கைகள் ஒன்றாகத் தொகுக்கப்படும். எதை முதலில் திருத்தணும் என்பது நிரலாளருக்கு அதிலிருந்து தெரியும்.

ஃபயர்ஃபாக்ஸ் திறமூல மென்பொருள். ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் 2 பயன்படுத்திய 'டாக்பேக்' கருவி வேறொரு நிறுவனத்தின் மூடிய மென்பொருள். தன்னார்வலர்கள் அதன் மூலநிரலைப் பார்க்கவோ திருத்தவோ முடியாது. வீடு நம்முடையது, சாவி பக்கத்து வீட்டில் என்ற கதைதான்.

வழிகள் மூன்று:

1. வைத்துக்கொள்வது: வேலை நடக்கும்; பிறரைச் சார்ந்திருக்கணும்.
2. கைவிடுவது: சிக்கல் தீரும், பிழை எங்கே என்பது தெரியாமல் போகும்.
3. மாற்றுவது: உழைப்பு அதிகம், கட்டுப்பாடு நம் கையில்.

மொசில்லா மூன்றாவதைத் தேர்ந்தது. 2008 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3-இல் 'பிரேக்பேட்' என்ற திறமூலக் கருவி இடம்பெற்றது. அறிக்கைகளைத் தொகுக்கும் 'சொக்கோரோ'வும் திறமூலமே.

திறந்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. அறிக்கையோடு நாம் பார்த்த பக்கத்தின் முகவரியும் போகலாம். அதற்கான கட்டத்தில் குறியை எடுத்துவிட்டால் போகாது. கருத்துப் பகுதியில் எழுதுவதைப் பிறர் படிக்க முடியும். ஆகவே, மாணவர்கள் அங்கே பெயரோ தொலைபேசி எண்ணோ எழுதக் கூடாது.

அதற்காக அனுப்பாமலே இருந்துவிடவும் வேண்டாம். தமிழ்ப் பக்கங்களில் மட்டும் தோன்றும் பிழையை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

பயிற்சி: உங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் முடக்க அறிக்கை அனுப்பலாமா? மூன்று வழிகளையும் சீர்தூக்கி, உங்கள் முடிவை இரு காரணங்களோடு எழுதுக.