ஷெரிஃப் துறை: ஒரு பார்வை

‘ஷெரிஃப்’ என்றதும் நம் நினைவுக்கு வருபவர் யார்? இடுப்பில் துப்பாக்கியுடன் குதிரைமீது வலம்வரும் கௌபாய் படக் கதாநாயகர்தான். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் சிங்கப்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் சென்று சில மாதங்கள் தங்கியபோது அந்த எண்ணம் மாறியது.

நான் வாடகைக்கு இருந்த கட்டடம் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இருந்தது. ஒரு நாள் எதிர்வீட்டுக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ஐந்து நாள்களுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். வாடகை பாக்கி. அடுத்த வாரம் பழுப்பு நிறச் சட்டையும் பச்சை நிறக் காற்சட்டையும் அணிந்த இருவர் வந்தனர். மார்பில் ஆறுமுனை நட்சத்திரம். அவர்கள் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு தாயும் இரு பிள்ளைகளும் கையில் கிடைத்த பைகளோடு படியிறங்கினர். கதவின் பூட்டு மாற்றப்பட்டது.

“வாடகை விவகாரத்துக்குப் போலிஸ் ஏன் வருகிறது?” என்று அறைத் தோழனிடம் கேட்டேன்.

“அவர்கள் நகரப் போலிஸ் இல்லை, ஷெரிஃப் துறை” என்றான். அந்தப் பதிலே இக்கட்டுரைக்கு வித்து.

பெயர் வந்த கதை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இங்கிலாந்தில் ‘ஷயர்’ என்பது ஒரு வட்டாரம். ‘ரீவ்’ என்பவர் அங்கு மன்னரின் அலுவல்களைக் கவனித்தவர். ‘ஷயர்-ரீவ்’ என்ற தொடரே மருவி ‘ஷெரிஃப்’ ஆனது. ராபின் ஹுட் கதையில் வரும் நாட்டிங்ஹாம் ஷெரிஃப் இந்த வழிவந்தவரே.

ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் இப்பதவியும் சென்றது. சென்னையிலும் ஷெரிஃப் இருந்தார். காலப்போக்கில் அது கௌரவப் பதவியாகிப் பின்னர் மறைந்தது. நம் சிங்கப்பூரில் ஷெரிஃப் என்பவர் நீதிமன்ற அதிகாரி. தீர்ப்புகளை நிறைவேற்றுவதும், கடன் வழக்கில் சிக்கிய கப்பலைத் தடுத்து வைப்பதும் அவர் பணிகளில் அடங்கும். அமெரிக்காவிலோ அவர் பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்.

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி

கவுண்டி என்பதை மாவட்டம் எனலாம். கலிபோர்னியா தனி மாநிலமான 1850-ஆம் ஆண்டிலேயே லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் ஷெரிஃப் துறையும் தோன்றியது. முதல் ஷெரிஃப் ஜார்ஜ் பர்ரில். அது ஆபத்தான காலம். 1857-இல் கொள்ளைக் கூட்டத்தைத் தேடிச் சென்ற ஷெரிஃப் ஜேம்ஸ் பார்ட்டன் கொல்லப்பட்டார். 1912-இல் மார்கரெட் ஆடம்ஸ் என்ற பெண்மணி துணை ஷெரிஃபாகப் பொறுப்பேற்றார்.

இன்று இந்தக் கவுண்டியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழ்கின்றனர். இதில் 88 நகரங்கள் உள்ளன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குத் தனிப் போலிஸ் உண்டு. எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளின் காவல் ஷெரிஃபின் பொறுப்பு. நான் தங்கியிருந்தது அத்தகைய பகுதியே!

1954-இல் லேக்வுட் என்ற ஊர் நகரமானபோது ஒரு புதுவழி பிறந்தது. சொந்தமாகப் போலிஸ் அமைக்காமல், கட்டணம் செலுத்தி ஷெரிஃபின் சேவையையே அந்நகரம் பெற்றுக்கொண்டது. ‘லேக்வுட் திட்டம்’ எனப்படும் இம்முறையை இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நகரங்கள் பின்பற்றுகின்றன. உலகின் மிகப் பெரிய ஷெரிஃப் துறையாக இது வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னென்ன சேவைகள்?

சுற்றுக்காவலும் குற்றப் புலனாய்வும் ஒரு பகுதி மட்டுமே. நீதிமன்றங்களின் பாதுகாப்பு இத்துறையிடமே உள்ளது. நீதிமன்ற ஆணைகளைச் சேர்ப்பிப்பதும், வீட்டைக் காலி செய்விப்பதும் இதன் பணிகளே. அந்தத் தாயின் வீட்டு வாசலுக்கு அந்த இருவர் வந்த காரணம் இதுதான்: தீர்ப்பு நீதிபதியுடையது, நிறைவேற்றும் கை ஷெரிஃபுடையது.

மலைகளில் வழி தவறியோரைத் தேடி மீட்கும் குழுக்களும் இத்துறையில் உண்டு. அவற்றில் பலர் தொண்டூழியர்கள். வேலை, குடும்பம் என்று இருப்பவர்கள் நள்ளிரவிலும் கயிறும் விளக்குமாக மலையேறுகிறார்கள்.

எல்லாவற்றிலும் கனமான பொறுப்பு சிறை. சிங்கப்பூரில் போலிஸ் வேறு, சிறைத்துறை வேறு. அங்கோ கைது செய்யும் துறையே சிறையையும் நடத்துகிறது. நாள்தோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அச்சிறைகளில் உள்ளனர். பலர் விசாரணை முடியாதவர்கள், தீர்ப்பு வராதவர்கள்.

பதில் சொல்வது யாருக்கு?

ஷெரிஃபை நான்காண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் வாக்குச் சீட்டு மட்டும் போதுமா? கைதிகள் தாக்கப்பட்டது குறித்து மத்திய அரசின் எஃப்.பி.ஐ. விசாரித்தபோது, அதற்குத் தடை போட்டதாக முன்னாள் ஷெரிஃப் லீ பாக்கா 2017-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் நான்கு முறை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்! 2022-இல் வாக்காளர்கள் இன்னொரு கடிவாளத்தையும் சேர்த்தனர். தக்க காரணம் இருந்தால், கவுண்டியின் ஐந்து மேற்பார்வையாளர்களில் நால்வர் ஒப்புதலுடன் ஷெரிஃபைப் பதவிநீக்கலாம்.

வழி தவறியவரைத் தோளில் சுமந்து இறக்கும் துறையும், வாடகை கட்டாதவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் துறையும் ஒன்றே. இரண்டையும் அவர்கள் கடமையாகவே செய்கிறார்கள். அன்று காலை நானோ ஒரு பையைக்கூடத் தூக்கிக் கொடுக்காமல் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்தத் துறையின் கடமையும் அன்று. அண்டை வீட்டாரின் கடமை. சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது, நான்தான் செய்யவில்லை.