எலும்புக்கூடுகளின் கூட்டு வட்டி

உங்களிடம் 100 எலும்புக்கூடுகள் கொண்ட படை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு போரிலும் உங்கள் படையின் அளவுக்கே எதிரிகளை வீழ்த்துகிறீர்கள். வீழ்ந்தவர்களில் 100க்கு 30 பேர் எலும்புக்கூடுகளாக எழுந்து உங்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். உங்கள் பக்கம் இழப்பே இல்லை. பத்துப் போர்கள் முடிந்ததும் படையின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,380. இப்போது அந்த 30ஐ 15 ஆக்கிவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். 405தான் வரும். விகிதத்தைப் பாதியாகத்தான் குறைத்தோம். படை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இருபது போர்கள் என்றால் இரண்டு படைகளுக்கும் இடையே பதினோரு மடங்குக்கு மேல் வித்தியாசம். வங்கியில் போட்ட பணம் கூட்டு வட்டியில் வளரும் அதே கணக்கு.

இந்த எண்கள் ஒரு விளையாட்டிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் உருவாக்கிய, 1999இல் வெளிவந்த ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ என்ற வியூக விளையாட்டில், இறந்தவர்களை எழுப்பும் ‘நெக்ரோமான்சி’ என்ற வித்தை உண்டு. அதற்கு மூன்று படிகள்: 10, 20, 30 சதவீதம். உண்மையான ஆட்டத்தில் நம் பக்கமும் ஆட்கள் சாவார்கள், எழும் எண்ணிக்கைக்கு வேறு வரம்புகளும் உண்டு. என்றாலும் ஆட்டம் நீள நீள எலும்புக்கூட்டுப் படையை அடக்க முடியாமல் போவது தீவிரமாக ஆடுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ரசிகர்களே உருவாக்கி 2011இன் கடைசியில் வெளியிட்ட ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’ என்ற கூடுதல் தொகுப்பு பின்னாளில் அந்த மூன்று எண்களையும் 5, 10, 15 என்று மாற்றியது. புதிய அரக்கன் கிடையாது, புதிய வாள் கிடையாது. மூன்று எண்கள் மாறின; அந்த வித்தையை நம்பி ஆடும் பக்கத்தின் தலையெழுத்தே மாறியது.

விளையாட்டை வாங்கியவர்களே அதன் விதிகளையும் படங்களையும் கதையையும் திருத்தி எழுதும் இந்தக் கலைக்கு ‘மாடிங்’ என்று பெயர்; அப்படித் திருத்தி உருவாக்கியது ‘மாட்’. அரசர்களும் ஹீரோக்களும் மந்திரமும் நிறைந்த வியூக விளையாட்டுகள் இதற்கு நல்ல விளைநிலம். அரசர் நாட்டைக் கவனிக்கிறார்: வரி, நகரம், படைக்கு ஆள் சேர்ப்பு. ஹீரோ வெளியே போய்ச் சண்டை போடுகிறார், அனுபவம் பெறுகிறார், வளர்கிறார். இந்த இருவருக்கும் இடையே உள்ள உறவை எந்த விதி தீர்மானிக்கிறது என்பதில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. மாட் செய்ய விரும்பும் இளைஞர்களிடம் யோசனை கேட்டால் முதலில் வருவது பெரும்பாலும் புதிய டிராகன், புதிய ஆயுதம், இன்னும் பலமான ஹீரோ. எனக்கு அவற்றில் ஆர்வம் குறைவு. உறவின் விதியைத் தொடுகிற யோசனைதான் விளையாட்டைப் புதிதாக்கும்.

ஏன் என்று பார்க்க, அதே ஹீரோஸ் 3இன் தாக்குதல் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அடிப்பவரின் தாக்குதல் மதிப்பு, அடிவாங்குபவரின் தற்காப்பு மதிப்பைவிட ஒரு புள்ளி அதிகமாக இருந்தால் சேதம் 5 சதவீதம் கூடும். தற்காப்பு ஒரு புள்ளி அதிகமாக இருந்தால் சேதம் 2.5 சதவீதம்தான் குறையும். ஹீரோவின் தாக்குதல் மதிப்பு அவர் கூட்டிப்போகும் ஒவ்வொரு வீரருக்கும் சேர்ந்துவிடுகிறது. பத்து வீரர்களோடு போகும் ஹீரோவுக்கு ஒரு புள்ளி கூடினால் பத்து வீரர்களின் அடியும் கூடும். ஆயிரம் பேரோடு போனால் ஆயிரம் பேரின் அடியும் கூடும். அதாவது ஹீரோவும் படையும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. பெருக்கல் இருக்கும் இடத்தில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதே லாபம். அதனால்தான் இந்த விளையாட்டைத் தேர்ந்து ஆடுகிறவர்கள் ஒரே ஒரு முதன்மை ஹீரோவிடம் மொத்தப் படையையும் கொடுத்துவிட்டு, மற்ற ஹீரோக்களை ஆள் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலிகளாக ஆக்கிவிடுகிறார்கள். எட்டு ஹீரோக்களை வைத்துக்கொள்ள இடமிருந்தும் ஒருவர்தான் ஹீரோ.

நல்ல மாட் யோசனை இங்கேதான் பிறக்க முடியும். இரண்டாவது ஹீரோவுக்கும் மதிப்பு வர என்ன விதி வேண்டும்? ஒரு ஹீரோ வழிநடத்தக்கூடிய ஆட்களுக்கு உச்சவரம்பு வைக்கலாம். படை பெரிதாக ஆக நடை வேகத்தைக் குறைக்கலாம். அல்லது ஹீரோவின் புள்ளி அவருக்கு அருகில் நிற்கும் வீரர்களுக்கு மட்டும் பயன்படும்படி செய்யலாம். மூன்றுமே ஒரே வேலையைச் செய்கின்றன: பெருக்கலுக்குக் கடிவாளம் போடுகின்றன. அறிவியல் மொழியில், நேர்ப் பின்னூட்டத்துக்கு எதிராக ஓர் எதிர்ப் பின்னூட்டம். வென்றவர் மேலும் வலுப்பெற்று மேலும் வெல்வது நேர்ப் பின்னூட்டம். வளர்ச்சியே வளர்ச்சிக்குத் தடையாக வருவது எதிர்ப் பின்னூட்டம். காட்டில் மான்கள் பெருகினால் புல் குறைவது போன்ற ஏற்பாடு.

பிளிஸார்ட் நிறுவனத்தின் ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டில் இது அழகாக அமைந்திருக்கிறது. 2003இல் வந்த ‘ஃப்ரோசன் த்ரோன்’ பதிப்பில் படையின் அளவு 50ஐத் தாண்டினால் சுரங்கத்திலிருந்து வரும் தங்கத்தில் 30 சதவீதம் போய்விடும். 80ஐத் தாண்டினால் 60 சதவீதம் போகும். பெரிய படையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஒன்று சண்டைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வருமானத்தை இழக்க வேண்டும். சிறிய படையோடு ஹீரோவை நம்பி வாழ்பவருக்கும் ஒரு வழி திறந்தே இருக்கிறது.

வார்கிராஃப்ட் 3ஓடு வரைபடங்களையும் விதிகளையும் திருத்தும் கருவியும் சேர்ந்தே வந்தது. அதை வைத்து ரசிகர்கள் 2003இல் தொடங்கிய ‘டோட்டா’ என்ன செய்தது? அரசரை எடுத்துவிட்டது. கோட்டை கட்டுவது, வரி, ஆள் சேர்ப்பு எல்லாம் போயிற்று. சாதாரணப் படைவீரர்களைக் கணினியே 30 விநாடிக்கு ஒரு முறை அனுப்பும். ஆடுபவர் கையில் ஒரே ஒரு ஹீரோ, பக்கத்துக்கு ஐந்து பேர். அவ்வளவுதான் யோசனை. அதிலிருந்து ஒரு புதிய விளையாட்டு வகையே வளர்ந்தது. 2009இல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’, 2013இல் ‘டோட்டா 2’. 2021இல் டோட்டா 2இன் உலகப் போட்டிக்கான மொத்தப் பரிசுத்தொகை 4 கோடி டாலர். ஒன்றைச் சேர்த்ததால் வந்த வெற்றி என்பதைவிட, ஒன்றைத் துணிந்து நீக்கியதால் வந்த வெற்றி என்றே இதைச் சொல்வேன்.

அதற்கு நேர் எதிரான யோசனையும் உண்டு. சைபர்லோர் ஸ்டூடியோஸ் 2000இல் உருவாக்கிய ‘மெஜஸ்டி’யில் நீங்கள் அரசர். ஹீரோக்கள் உங்கள் நாட்டில் வாழ்கிறார்கள், ஆனால் உங்கள் சொல்லைக் கேட்க மாட்டார்கள். ‘போய் அந்தக் குகையைத் தாக்கு’ என்று கட்டளையிட வழியே இல்லை. குகையின் மேல் ஒரு கொடியை நட்டு, இவ்வளவு பொன் தருகிறேன் என்று பரிசு அறிவிக்கலாம். பேராசைக்காரத் திருடன் உடனே கிளம்புவான். ஆபத்து அதிகம் என்று நினைப்பவர் சத்திரத்திலேயே இருந்துவிடுவார். பொருளாதாரத்தில் ‘முதலாளி - முகவர் சிக்கல்’ என்று ஒன்று சொல்வார்கள்: வேலை கொடுப்பவருக்கு ஒரு நோக்கம், செய்பவருக்கு வேறு நோக்கம், இரண்டையும் கூலியால் எப்படி இணைப்பது? மெஜஸ்டியை ஆடுகிற சிறுவன் அந்தப் பாடத்தைப் புத்தகம் இல்லாமலே கற்றுக்கொள்கிறான்.

இந்த வழியில் இன்னும் தூரம் போகலாம் என்று உறுதியாக நம்புகிறேன். எனக்குப் பிடித்த ஒரு யோசனையைச் சொல்கிறேன். இந்த வகை விளையாட்டுகளில் பெரும்பாலும் ஹீரோ பார்ப்பதை அரசரும் அந்தக் கணமே பார்த்துவிடுகிறார். நூறு காதத்துக்கு அப்பால் எதிரிப் படை தெரிந்தால் அரண்மனையிலும் தெரியும். அந்த விதியை மாற்றினால்? செய்தி குதிரை வேகத்தில்தான் வரும். ஹீரோ பார்த்தது மூன்று நாள் கழித்தே அரசரின் வரைபடத்தில் தெரியும். அரசரின் கட்டளையும் மூன்று நாள் கழித்தே போய்ச் சேரும். அப்போது தொலைவில் அனுப்பும் ஹீரோ கெட்டிக்காரராகவும் நம்பகமானவராகவும் இருந்தாக வேண்டும். அருகில் வைத்திருப்பவர் முரடராக இருந்தாலும் போதும். புறா வளர்க்கும் கூண்டுக்கும் அஞ்சல் சாவடிக்கும் கோட்டை மதிலுக்குச் சமமான மதிப்பு வந்துவிடும். தந்தி வருவதற்கு முன்பு பேரரசுகள் ஏன் ஓர் அளவுக்கு மேல் விரிந்து நிற்கத் திணறின என்பதை ஆடுபவர் தானே அனுபவித்து உணர்வார்.

உலகத்துக்கே ஒரு நினைவைக் கொடுப்பது இன்னொரு நல்ல வழி. ‘சிவிலைசேஷன் 4’ விளையாட்டை அடிப்படையாக வைத்து டெரெக் பாக்ஸ்டன் தலைமையிலான குழு உருவாக்கிய ‘ஃபால் ஃப்ரம் ஹெவன் 2’வில் ‘ஆர்மகெடான்’ என்ற எண்ணி இருக்கிறது. 0இல் தொடங்கி 100 வரை போகும். நகரங்களைத் தரைமட்டமாக்கினால் ஏறும்; தீய மதம் பரவினால் ஏறும். ஏற ஏற உலகெங்கும் பேரழிவுகள் கட்டவிழும். தனி அரசர் தன் லாபத்துக்காகச் செய்யும் கொடுமைக்கு எல்லோரும் விலை கொடுக்கிறார்கள். பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும் பல பாடப்புத்தகங்களைவிட இந்த ஒற்றை எண்ணி தெளிவாகப் பேசுகிறது. ஒரு மாட் எவ்வளவு உயரம் தொட முடியும் என்பதற்கு இதுவே என் முதல் சான்று. பாக்ஸ்டனை 2010இல் ஸ்டார்டாக் நிறுவனம் வேலைக்கு அழைத்துக்கொண்டது. நெதர்லாந்தின் ட்ரையம்ஃப் ஸ்டூடியோஸ் உருவாக்கிய, 2023இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ் 4’இல் வேறுவகை நினைவு இருக்கிறது: ஓர் ஆட்டத்தில் வென்ற அரசர் தெய்வங்களின் அவையில் சேர்ந்து, அடுத்த ஆட்டத்தில் நண்பராகவோ பகைவராகவோ எதிரே வரலாம்.

யோசனை நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கணினியின் ஏஐ எதிரிக்குப் புதிய விதி தெரியாது என்பது மாட் செய்பவர்கள் பெரும்பாலும் கடைசியில் நினைத்துப் பார்க்கும் விஷயம். செய்தி தாமதமாக வரும் விதியை மனிதர் புரிந்துகொள்வார். பழைய விதிக்கு எழுதப்பட்ட ஏஐ தடுமாறும். அதற்கும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடுத்தது சோதனை. புதிய விதியில் ஒரு பக்கம் 100 ஆட்டங்களில் 55 வென்றால் அந்தப் பக்கம் பலமானது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். சமபலம் உள்ள இருவர் 100 முறை மோதினாலே முடிவு 50ஐச் சுற்றி ஐந்து முன்னே பின்னே அலைவது இயல்பு. அதே 55 சதவீதம் 400 ஆட்டங்களில் வந்தால் அப்போது சந்தேகப்படலாம். 400 ஆட்டங்களை மனிதர்கள் ஆடி முடிப்பது கடினம். ஏஐயையே இரு பக்கமும் ஆடவிட்டு இரவோடு இரவாக எண்ணிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2015இல் யூபிசாஃப்ட் நிறுவனம் ஹீரோஸ் 3ஐப் புதுப்பித்து வெளியிட்டபோது மூல விளையாட்டு மட்டுமே அதில் இருந்தது. பின்னால் வந்த இரண்டு விரிவாக்கங்களின் சோர்ஸ் கோட் தொலைந்துவிட்டது. ரசிகர்களோ அந்த விரிவாக்கங்களில் ஒன்றின் நிரலையே பிரித்துப் படித்து, அதன்மேல் ஹார்ன் ஆஃப் தி அபிஸைக் கட்டியிருந்தார்கள். ‘விசிஎம்ஐ’ என்ற குழு விளையாட்டின் இயந்திரத்தையே புதிதாக எழுதி எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. அதில் ஒரு புதிய ஹீரோவைச் சேர்க்க, சாதாரண எழுத்து ஃபைலில் அவருடைய பெயரையும் திறமைகளையும் எழுதி, படத்தைச் சேர்த்தால் போதும். இவர்களுடைய உழைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு மிகக் குறைவு. 2020இல் ‘வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்ட்’ வந்தபோது, அதில் ரசிகர்கள் உருவாக்கும் விளையாட்டுகள் அனைத்தும் தனக்கே சொந்தம் என்று பிளிஸார்ட் விதி எழுதியது. இன்னொரு டோட்டா தன் கையை விட்டுப் போகக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. இது நியாயமே இல்லை என்பது என் கருத்து. படைத்தவருக்கு ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு ‘பேட்டில் ஃபார் வெஸ்னோத்’தைப் பரிந்துரைக்கிறேன். 2003இல் டேவிட் ஒயிட் தொடங்கியது. இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தது. தலைவர் கோட்டையில் நின்று ஆள் எடுப்பார்; வீரர்கள் அனுபவம் பெற்று அடுத்த லெவலுக்குப் போவார்கள். ஒவ்வொரு வீரரின் உயிர்ப்புள்ளியும் விலையும் படிக்கக்கூடிய எழுத்து ஃபைலில் இருக்கும். ஈட்டி வீரனின் விலை 14 பொன். கையில் 100 பொன் இருந்தால் ஏழு பேரை எடுக்கலாம். விலையை 13 ஆக்கினாலும் ஏழு பேர்தான், 9 பொன் மிஞ்சும். 12 ஆக்கினால் எட்டாவது ஆள் வந்துவிடுவான். முதல் சுற்றிலேயே போர்க்களம் மாறிவிடும். இந்த வாரக் கடைசியில் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். அசலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள், மாற்றியது எது, நடந்தது என்ன என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.